நான் எந்த பேட்ச்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து ஜூன் வரைக்கும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரே மாதிரி ஒரு படம் வரும். அரசுப் பள்ளிக் கட்டடத்துக்கு முன்னால் நான்கு வரிசையில் ஐம்பது வயதுக்காரர்கள், நடுவில் நாற்காலியில் சால்வையோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கீழே 'பிளஸ் 2 மாணவர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் சந்திப்பு' என்று ஒரு வரி. அந்தப் படங்களை நான் ஒன்று விடாமல் பார்ப்பேன், தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் படமும் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1989 மார்ச்சில் பிளஸ் 2 எழுதியவர்கள். எங்கள் டி.சி.யில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும். அந்தப் பெயரோடு டி.சி. வாங்கிய கடைசி செட் நாங்கள்தான். அதே வருடம் செப்டம்பரில் மாவட்டம் இரண்டாகித் திருவண்ணாமலை தனியாகப் போனது, நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-ல் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. இன்றைக்கு எங்களில் ஆம்பூரில் இருப்பவர் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காட்டில் இருப்பவர் ராணிப்பேட்டை மாவட்டம், நான் வேலூர் மாவட்டம். யாரைக் கேட்டாலும் சொந்த ஊர் 'நார்த் ஆற்காடு' என்றுதான் இன்னும் வாயில் வருகிறது.

முதல் சந்திப்பு நன்றாகத்தான் நடந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவான கெங்கையம்மன் சிரசு வைகாசி முதல் தேதி, அதற்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் எப்படியும் வருவார்கள் என்று அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தோம். மண்டபம், பிரியாணி, ஆளுக்கொரு ஷீல்டு, பஸ் நிறுத்தத்தில் பேனர். பிளஸ் 1 அரைப் பரீட்சை லீவில் எம்.ஜி.ஆர். இறந்தது, ஊரே இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தது, கெமிஸ்ட்ரி பிராக்டிக்கலில் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து அடி வாங்கியவன் கதை, இதெல்லாம் பேசிப் பேசி சாயந்திரம் ஆகிவிட்டது. அழுதோம், சிரித்தோம், படம் எடுத்துக்கொண்டோம். ஒன்றும் குறை தெரியவில்லை.

நாலு நாள் கழித்து சிரசு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அன்றைக்குக் குடியாத்தத்தில் நடக்க இடம் இருக்காது. அம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது வழியெல்லாம் சிதறு தேங்காய், ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஜனம், கவுண்டின்ய ஆற்றங்கரை வரைக்கும் தலைதான் தெரியும். அந்தக் கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ "ஏய், இருபத்திமூணு" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். திரும்பினால் என் வயசில் ஒருத்தி, இடுப்பில் பேரக் குழந்தை, பொட்டு வியர்வையில் கலைந்து கிடக்கிறது. "நான்தான்டி, இருபத்திநாலு" என்றாள்.

ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என் வருகை எண் 23. அவள் 24. ஒரே பெஞ்சு. நாற்பது வருடமாக நான் அந்த எண்ணை நினைத்ததே இல்லை, அவள் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டோம், பிள்ளை குட்டி விவரமெல்லாம் கேட்டோம். கேட்டுவிட்டு நான், "ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் கூடினோமே, நீ ஏன்டி வரல?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்: "பஸ் ஸ்டாண்டுல பேனரைப் பாத்தேன். 89 பேட்ச்சுன்னு போட்டிருந்தது. நான் 84 பொங்கலோட நின்னுட்டேனே. நான் எந்த பேட்ச்டி?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவள் நின்றது ஏழாம் வகுப்பில். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அம்மா பீடி சுற்றினாள், கூடமாட ஒரு கை வேண்டும். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க, காலையில் தகடு வைத்து வெட்ட, சுற்றின பீடிக்குத் தலை மடிக்க, நூல் கட்ட. பொங்கல் லீவு முடிந்து நாங்கள் பள்ளிக்குப் போனோம், அவள் வரவில்லை. ஒரு வாரம் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை வாசித்தார்கள், அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு. 23-க்கு அப்புறம் 25 என்று வாசிக்க ஆரம்பித்தார்கள், அதுவும் பழகிப் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் குழாயடிக்குப் போய்விடுவாள், தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கிட்டே வருவாள். என் அப்பா நெசவாளர் சொசைட்டியில் கணக்கு எழுதியவர், எனக்கு டப்பாவில் சோறு இருந்தது. அவள் ஏன் தள்ளிப் போகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் ஐந்து வரைக்கும் மதியத்துக்கு ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது கிடையாது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான், நாங்கள் அதற்கு முந்தின மாதமே ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டோம். 10 முதல் 15 வயது வரை உள்ள மாணவர்களுக்கும் சத்துணவு என்று வந்தது 1984 செப்டம்பரில். அன்று எட்டாம் வகுப்பு வராந்தாவில் புதுக் கொட்டகையிலிருந்து வந்த சாம்பார் வாசனை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது, வீட்டிலிருந்து அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து வரிசையில் நின்ற பையன்களின் முகமும் ஞாபகம் இருக்கிறது. அவள் பொங்கலோடு நின்றாள், சோறு செப்டம்பரில் வந்தது. எட்டு மாதம். சோறு இருந்திருந்தால் அவள் நின்றிருக்க மாட்டாள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, பீடி முறம் பெரிய காரணம். ஆனால் அந்த எட்டு மாதக் கணக்கு தெரிந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த ஊருக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1954-ல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குப் போக இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில். அப்புறம் இரண்டு வருடத்தில் அவர் பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லாத மேடை கிடையாது. 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் ஒன்று முதல் ஐந்து வரை என்றுதான் தொடங்கினார்கள், நல்ல திட்டம், யாரும் மறுக்க முடியாது, ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கும் காலையில் பசிக்கத்தான் செய்யும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரசு முடிந்த பிறகு நாங்கள் நாலு பேர் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். 1982 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் பெயர் மட்டும் வேண்டும் என்றோம். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம், இரும்பு பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்து தன் மேசை மேலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். துணி பைண்டிங், ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது, பக்கத்தைப் புரட்டினால் துண்டு துண்டாகக் கையோடு வருகிறது. ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் லாங் சைஸ் நோட்டில் எழுதினோம்.

112 பேர். எங்கள் பிளஸ் 2 குரூப் ஃபோட்டோவில் இருப்பது 54 பேர், அதில் 19 பேர் வேறு பள்ளிகளிலிருந்து பிளஸ் 1-க்கு வந்து சேர்ந்தவர்கள். ஆக, ஆறாம் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்த 112 பேரில் 35 பேர்தான் அந்தப் படத்தில் இருக்கிறோம். 77 பேரைக் காணோம். நாங்கள் ஏழு வருடம் அதே கட்டடத்தில் இருந்தும் ஒருத்தரும் இதை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தப் பதிவேட்டில் அப்பா தொழில் என்று ஒரு பத்தி உண்டு. நெசவு, நெசவு, கூலி, பீடி, நெசவு, வண்டி, கூலி என்று போகிறது. கடைசியில் விலகிய வகுப்பு என்று ஒரு பத்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் போதும். கூலி, பீடி என்று இருக்கிற வரிகளில் ஏழு, எட்டு. நெசவு என்று இருக்கிற பையன்கள் ஒன்பது, பத்து வரைக்கும் தாக்குப்பிடித்திருக்கிறார்கள், சின்ன வயசில் பள்ளி விட்டு வந்து தறிக்குத் தார் நூல் சுற்றிக் கொடுத்தால் போதும், தறிக்குழியில் உட்காருகிற வயசு வந்ததும் நின்றுவிட்டார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வயசுக்கு வந்த வருடம். விலகிய தேதிகளில் பொங்கலுக்குப் பிந்தின வாரமும் ஜூனும்தான் அதிகம். படிப்பு வராமல் நின்றார்கள் என்று எங்கள் வகுப்பில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆறாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவன் எட்டில் நின்றிருக்கிறான்.

இந்த ஆண்டு இரண்டாவது சந்திப்புக்கு எல்லாரையும் கூப்பிடலாம் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லாருக்கும் பிடிக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற ஒரு நண்பர், நல்ல மனசுக்காரர், பள்ளிக்கு நிறைய செய்தவர், "வந்து அவங்க சங்கடப்படுவாங்க, நாம காரு, வேலைன்னு பேசிட்டிருப்போம்" என்றார். அப்படியென்றால் காரைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன். வாக்குவாதம் இரண்டு நாள் ஓடியது, கடைசியில் அவரே ஆம்பூர் பக்கம் இருப்பவர்களைத் தேடுகிற வேலையை எடுத்துக்கொண்டார்.

தெருத் தெருவாகப் போனோம். "அவன் போயி பத்து வருஷம் ஆச்சும்மா" என்ற பதிலை எத்தனை வீட்டு வாசலில் கேட்டோம். 14 பேர் உயிரோடு இல்லை. 22 பேரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, அதில் பாதிப் பேர் பெண்கள், கல்யாணமாகி எங்கேயோ போனவர்கள், அப்பா பெயரை வைத்துத் தேடினால் வீடே இல்லை. மீதி 41 பேரைக் கண்டுபிடித்தோம், 26 பேர் வந்தார்கள். வரமாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு தறிக்காரர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "எனக்கு அந்த ஸ்கூல்ல நல்ல ஞாபகம் ஒண்ணும் இல்லைங்க, விட்டுடுங்க" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வந்தவர்கள் சங்கடப்பட்டார்களா என்றால், முதல் அரை மணி நேரம் ஆமாம். பின் வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். பழைய பேச்சு ஆரம்பித்ததும் நிலைமை மாறிவிட்டது, ஏனென்றால் எங்களை விட அவர்களுக்குத்தான் ஞாபகம் அதிகம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்களுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் இன்னும் ஆறு வகுப்பு, அப்புறம் காலேஜ், ஆபீஸ், டிரான்ஸ்ஃபர் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துவிட்டது. என் தோழிக்கு அந்தப் பள்ளி என்பது ஒன்றரை வருடம் மட்டும்தான், அதை அப்படியே கலையாமல் வைத்திருக்கிறாள். யார் யார் எந்தப் பெஞ்சு, தமிழ் ஐயா எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பார், எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த புளியமரத்தில் எந்தக் கிளை முறிந்தது, ஆறாம் வகுப்பு மனப்பாடச் செய்யுள் நாலு, எல்லாம் சொன்னாள். பெங்களூர் நண்பர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயிலாகி, அப்படியே ஷூ கம்பெனிக்குப் போனவர் ஒருத்தர் வந்திருந்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே டி.சி. எண் எழுதுகிற இடம் காலியாக இருக்கிறது, வாங்கவே இல்லை, கம்பெனியில் யாரும் கேட்கவில்லையாம். அதைச் சொன்னதும், "அப்ப நான் இன்னும் இந்த ஸ்கூல் ஸ்டூடண்ட்தான், நீங்கதான் ஓல்டு ஸ்டூடண்ட்" என்றார். அன்றைக்கு மண்டபமே அதிரச் சிரித்தது அதற்குத்தான்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். என் தோழிக்கு ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாது, பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி வழுவழு என்றாகிவிட்டது, ஒவ்வொரு மாதமும் தகராறு என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினாள். போட்ட கையெழுத்து அப்படியே ஏழாம் வகுப்புக் கையெழுத்து, குண்டு குண்டாக, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் சின்ன வட்டம். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மாவட்டத்துத் தலைமை ஆசிரியர்களுக்கு: பழைய சேர்க்கைப் பதிவேடுகள் உங்கள் பீரோவில்தான் இருக்கின்றன. அவை தூளாகிப் போவதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய மாணவர்கள் பெஞ்சு வாங்கித் தரட்டுமா, ஃபேன் வாங்கித் தரட்டுமா என்று உங்களிடம் வருவார்கள், இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், பெரிய செலவில்லை, இரண்டு மூன்று நாள் வேலை. அப்பா பெயர், சாதி விவரமெல்லாம் வெளியே போகக் கூடாது, சரிதான், பெயரும் சேர்ந்த வருடமும் கொடுத்தால் போதும்.

இந்த ஆண்டு பிளஸ் 2 முடித்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுச் சட்டையெல்லாம் ஸ்கெட்ச் பேனாக் கையெழுத்தோடு வந்தான், முதுகில் இடமே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பும் ஆரம்பித்துவிட்டார்கள். "பத்தாவது வரைக்கும் உங்ககூடப் படிச்சு, இப்ப இல்லாதவங்க எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டேன். யோசித்து யோசித்து விரல் விட்டு எண்ணினான். பதினொரு பேர் வந்தது. ஐ.டி.ஐ. போனவர்கள், பாலிடெக்னிக் போனவர்கள், ஷூ கம்பெனிக்குப் போன இரண்டு பேர், ஒரு பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாம். எங்கள் 77-க்கு 11 எவ்வளவோ தேவலை. ஆனால் அந்தப் பதினொரு பேரின் நம்பர் இன்றைக்கு உங்கள் ஃபோனில் இருக்கிறது. எங்களுக்கு அது இல்லை, நாற்பது வருடம் கழித்துத் தெருத் தெருவாக அலைந்தோம். குரூப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அவன் அன்று ராத்திரியே மூன்று பேரைச் சேர்த்தான், மீதிப் பேரையும் சேர்த்துவிட்டானா என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் இரண்டாவது சந்திப்பின் படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். போன முறை மாதிரி '1989 பிளஸ் 2 மாணவர்கள்' என்று போட்டுவிட வேண்டாம். பேனரிலும் ஷீல்டிலும் நாங்கள் மாற்றிவிட்டோம், என் தோழி ஷீல்டை வாங்கினதும் முதலில் அந்த வரியைத்தான் விரலால் தடவி வாசித்தாள். அதே வரியைப் படத்துக்குக் கீழேயும் போடுங்கள்: '1982-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள்.'

இப்படிக்கு,
வருகை எண் 23, ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
குடியாத்தம்.